க்ஷ வெட்டிய குடம்

பாத்திரக்கடையில் உட்கார்ந்து பெயர் வெட்டும் தம்பிமார்களே, உங்களிடம் மின்சார ஊசி இருக்கிறது, எவர்சில்வர் இருக்கிறது, தலைக்கு மேல் காற்றாடி சுற்றுகிறது. எனக்குப் பொறாமை இல்லை, நன்றாக இருங்கள். ஆனால் போன வாரம் ஒரு கடையில் நின்று பார்த்தேன். ஓர் அம்மாள் தன் மகள் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நம் பையன் எழுதித் தள்ளிவிட்டான். “அட, இன்னொரு தரம் கேளுடா” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுத்தவன் கடையில் நமக்கு என்ன நாட்டாமை என்று அடக்கிக்கொண்டேன். அந்த எரிச்சலை இங்கே கொட்டித் தீர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உளியும் சுத்தியலும் பிடித்தது சிங்கப்பூருக்கு வடக்கே, குளுவாங் கடைத்தெருவில். கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் ஒரு மணைப்பலகை போட்டிருக்கும். வெயிலும் மழையும் அங்கேதான், வேலையும் அங்கேதான். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். சம்பளம் போட்ட மறுநாள் பலகையைச் சுற்றிக் குடமும் செம்புமாக நிற்கும். அந்தக் காலத்தில் எல்லாம் பித்தளை.

குடத்தில் ஏன் பெயர் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில் வரிசையாக வீடு, எல்லாருக்கும் ஒரே குழாயடி, எல்லார் குடமும் ஒரே அச்சு. பெயர் இல்லாத குடம் சண்டையில் போய்த்தான் முடியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீர்ப் பாத்திரத்தில் அவள் பெயரைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். வீடு தோட்டத்தினுடையது, மரம் துரையினுடையது, பெயர்ப் பதிவில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தன் வாய்க்கு வந்ததை எழுதிக்கொள்வார். தன் பெயர் தன் பெயராக நிற்கிற இடம் அவளுக்கு அந்தக் குடம் ஒன்றுதான். நாம் செய்வது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

முனியம்மா, காளியம்மா, கருப்பாயி என்றால் உளிக்குக் கஷ்டமே இல்லை. எழுத்துகள் கைகோத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். அப்புறம் தோட்டத்துக் கோயில்களில் பஜனை வந்தது, ஊரிலிருந்து பாடுகிறவர்கள் வந்தார்கள், பெயர்களும் கூடவே வந்தன. கிருஷ்ணவேணி, ராஜேஸ்வரி, ஸ்ரீரங்கம்மா, லக்ஷ்மி. சிலதில் எழுத்தின் மடியில் எழுத்தே ஏறி உட்காரும். சிலர் கேலி செய்தார்கள். நான் செய்ததில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் தன் பிள்ளைக்குப் பவுன் போட முடியாது. பெயரில் போடலாம், அதற்கு எவனும் கணக்குக் கேட்க மாட்டான்.

ஆனால் தகடு கணக்குக் கேட்கும். ஒரு கிராணி சின்ன டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து, “ஸ்ரீமான் என்று ஆரம்பித்து முழுப் பெயரும் வரவேண்டும்” என்றார். இடமில்லை என்று சொல்லப் பயந்துகொண்டு ஸ்ரீயை நெருக்கி அடித்தேன். ஸ்ரீ விழுந்தது, கூடவே டம்ளரில் கீறலும் விழுந்தது. காப்பி ஊற்றினால் ஸ்ரீமான் வழியாக ஒழுகும். முதலாளி அன்று என்னைத் திட்டிய திட்டில் என் பரம்பரையே நனைந்துபோயிற்று.

கூட்டெழுத்தின் குணம் அது. க்ஷ-வை எடுத்துக்கொள்ளுங்கள். சுழியின் மேல் சுழி, கோட்டின் மேல் கோடு. உளி போன இடத்துக்கே மறுபடி மறுபடி போகும். வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினால் தகடு அங்கே மெலிந்து புடைத்திருக்கும். எனக்கு முன்னால் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு முசுடு, பாதி நாள் கள்ளுக்கடையில் கிடப்பார். அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: “வெட்டறதுக்கு முன்ன மூணு தரம் கேளு. வெட்டின பொறகு ஒரு தரங்கூடக் கேக்காத.” முதல் பாதி உடனே புரிந்தது. இரண்டாம் பாதி புரிய வருஷங்கள் ஆயின.

பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கருப்பண்ணன் என்று ஒருவர் வந்தார். கூட அவர் பெண்டாட்டி அஞ்சலை, இரண்டு பெண்கள். ரப்பர் நல்ல விலைக்குப் போன காலம் அது. பெரியவளுக்கு வயது வந்துவிட்டது, சீர்ப் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குடம், ஒரு செம்பு, ஒரு தாம்பாளம் வாங்கி என் முன்னால் வைத்தார்கள்.

“பேரு என்னண்ணே?”

“விஜயலக்ஷ்மி.”

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் லெச்சுமி என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் லட்சுமி என்பார்கள். இந்த மனிதர் பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் அந்த எழுத்தைப் பத்திரமாக நிறுத்தி இறக்கினார். பஜனைக்கு வந்த ஒரு பாகவதர் வைத்த பெயராம். பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று பால் வெட்டும்போது மரத்துக்கு மரம் சொல்லிப் பழகினாராம். அஞ்சலை சொல்லிச் சிரித்தாள்.

“அண்ணே, லட்சுமின்னு போட்டுறலாமே. எழுத்து நல்லா வரும், தகடும் தாங்கும்.”

“வேணாம் தம்பி. என் பேரு கருப்பண்ணன். கங்காணிக்குக் கருப்பன், கிராணிக்கு வெறும் கருப்பு. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் கடிச்சுத் தின்னுட்டாங்க. எம்மவ பேரு முழுசா இருக்கணும். நல்லா ஆழமா போடு. எவனும் ராவி எடுக்க முடியாத மாதிரி போடு.”

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஒரே மாதிரி சொன்னார். மூன்று பாத்திரத்திலும் ஆழமாகவே வெட்டினேன். பெரியவள் வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றாள். சின்னவள் என் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள்.

“என் பேரு எதுல போடுவீங்க?” என்று கேட்டாள். அவள் பெயர் மாரியாயி. அம்மை போட்ட வருஷம் பிறந்தவள், அதனால் அம்மன் பெயர்.

“ஒன் கல்யாணத்துக்குப் போடுவோம்டி. ஒன் பேருக்கு ஒரு நிமிசம் போதும்” என்றார் அப்பன்காரர். எல்லாரும் சிரித்தோம். அந்தக் குடும்பம் என் முன்னால் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எப்படி விழுந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் நெற்றியில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்தார்கள். லயங்கள் காலியாகின. சிங்கப்பூருக்கு ரயிலேற்றி, அங்கிருந்து கப்பலேற்றி, வந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். கடைக்குப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் போய், விற்க வருகிறவர்கள் வந்தார்கள். முதலாளி எடை போட்டு வாங்கி என் பக்கம் தள்ளுவார்: “பேர ராவி எடுத்துடு.” நான் வெட்டிய பெயர்களை நானே அரம் போட்டுத் தேய்த்தேன். சில நாள் சாப்பாடு இறங்கவில்லை. முனியம்மாக்களும் கருப்பாயிகளும் நாலு இழுப்பில் போய்விடுவார்கள். அது இன்னும் வேதனை.

அப்படி ஒரு நாள் மத்தியானம் அஞ்சலை வந்து நின்றாள். கூட மாரியாயி. இருவர் கையிலும் அந்தக் குடமும் செம்பும் தாம்பாளமும். விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“விக்க வரலப்பா. பேர மட்டும் எடுத்துக் குடு.”

பெரியவள் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கல்யாணம் பேசியிருந்த நேரமாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு விடியலில் போய்ச் சேர்ந்தாளாம். அஞ்சலை அதை அழாமல் சொன்னாள். அழுகையெல்லாம் முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

இப்போது அவர்களையும் கப்பலேறச் சொல்லிவிட்டார்கள். கருப்பண்ணனுக்கு நெஞ்சுச் சளி, மரத்தடியில் நிற்க முடியவில்லை. ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை. அங்கே இருக்கிற பங்காளி எப்படிப்பட்டவன் என்பதை அஞ்சலை மகளை வைத்துக்கொண்டு சொல்லவில்லை, ஆனால் நான் புரிந்துகொண்டேன். நல்லவேளையாக யோங் பெங் ஊர்ப் பக்கம் ரோட்டு வேலையில் நிரந்தரமாக இருக்கிற ஒரு பையன் வீட்டார் மாரியாயியைக் கேட்டிருக்கிறார்கள். கப்பலுக்கு முன்னால் தாலி ஏறிவிட்டால் அவளாவது இங்கே சோற்றோடு இருப்பாள்.

“நகை வேணாங்கிறாங்க தம்பி, நல்லவங்கதான். சாமான் மட்டும் கேக்குறாங்க. ஆனா பெரியவ செத்த சங்கதி அவங்க காதுக்குப் போயிருச்சு. செத்த பொண்ணு பேரு போட்ட சாமான் எங்க வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. புதுசு வாங்க எங்ககிட்ட என்ன இருக்கு, சொல்லு.”

“அண்ணனுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாது. தெரிஞ்சா விடுவாரா? அவரு அந்தக் குடத்த மடியில வச்சுக்கிட்டு எழுத்தத் தடவிக்கிட்டே கெடக்குறாரு.”

முதலில் செம்பை எடுத்தேன். வி போயிற்று. ஜ போயிற்று. ய, ல இரண்டும் போயின. தூள் பலகையில் உதிர உதிர அஞ்சலை அதை விரலால் ஒற்றி எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டிருந்தாள். தான் செய்வது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

க்ஷ போகவில்லை. தேய்த்தேன், இன்னும் தேய்த்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் எழுத்து இருந்த இடத்தில் ஊசி முனையளவு வெளிச்சம் உள்ளே வந்தது. செம்பு ஓட்டை.

அடுத்தது குடம். கை குடத்தின் மேல் இருக்கிறது. கடைக்குள்ளேயிருந்து முதலாளி, “என்னப்பா இவ்வளவு நேரம்? ஓட்ட விழுந்தா ஈயம் வச்சு அடைச்சுக்கலாம், ராவிக் குடுத்தனுப்பு!” என்று கத்துகிறார். அஞ்சலை, “ராவுப்பா, ராவுப்பா” என்கிறாள். தம்பிமார்களே, நம் தொழிலில் அவசரப்படுத்துகிறவர்கள் எப்போதும் நல்ல காரணத்தோடுதான் அவசரப்படுத்துவார்கள். அப்போதுதான் கையை நிறுத்தத் தெரியவேண்டும். நம் சனங்களுக்குக் குடத்தில் ஓட்டை போடுவது எந்தச் சடங்கில், அந்தக் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றுவது யாரைச் சுற்றி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஈயத்தால் அடைத்த குடத்தைப் புதுப்பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், முதல் நாள் குழாயடியிலேயே மாமியார் கண்ணில் படும். செத்தவள் பெயரைவிட அது மோசம்.

அரத்தைக் கீழே வைத்தேன். “இதுக்கு மேல நான் ராவ மாட்டேன்க்கா.”

“ஒன் கால்ல விழறேன் தம்பி.”

“விழுந்தாலும் மாட்டேன். குடம் போயிரும்.”

அவள் என்னைத் திட்டவில்லை. அஞ்சடித் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டு மூன்று டம்ளர்களை எடுத்துப் போட்டு வேறு வேலை செய்வதுபோல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஏ, இங்க வா” என்று மகளைக் கூப்பிட்டாள். மாரியாயி பக்கத்தில் குனிந்தாள். அஞ்சலை அவள் தலையைப் பிடித்து இழுத்து, காதோடு வாயை வைத்து, பெயர் சூட்டும் நாளில் கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல, மூன்று முறை சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

“விசயலச்சுமி. விசயலச்சுமி. விசயலச்சுமி.”

பெண் மிரண்டுபோய் எழுந்து நின்றாள். “ஆத்தாடி, அக்கா பேரும்மா அது.”

“இனிமே ஒன் பேரு. அவங்களுக்குச் சின்னவன்னுதான் தெரியும், பேரு தெரியாது. அங்க யாரு கேட்டாலும் இதான். செத்தவ பேரு என்னன்னு கேட்டா மாரியாயின்னு சொல்லிக்கிறேன்.”

“அப்ப என் பேரு?”

அஞ்சலை குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அது எங்கிட்ட இருக்கட்டும். நான் ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்” என்றாள்.

அந்தப் பெண் தாம்பாளத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஓட்டைச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்து போனாள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாலைந்து நாளில் ஒரு பெரியவர் பலகை முன்னால் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன், யோங் பெங்கிலிருந்து லாரியில் வந்திருக்கிறார். வெற்றிலைப் பையைப் பிரித்து எனக்கும் நீட்டினார்.

“பாலோ கருப்பண்ணன் வீட்டுச் சாமான்ல பேரு வெட்டுனது நீதானே?”

“நாந்தாங்க.”

“விசயலெச்சுமின்னு போட்டிருக்கு. அந்த வீட்ல ஒரு பொண்ணு செத்திருக்கு. எனக்கு மனசு ஒப்பல. அது செத்த பொண்ணு பேரா, கல்யாணப் பொண்ணு பேரா? தாய் தகப்பன் மறைப்பாங்க. ஒனக்கென்ன, நீ மூணாவது மனுசன். மறைக்காம சொல்லு.”

“பேரு சொன்னாங்க, வெட்டினேன். ஆளக் காட்டியா வெட்டச் சொல்வாங்க?” என்று தட்டிக் கழித்துப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. என் கையைக் காட்டினார். “அந்த உளியத் தொட்டுச் சொல்லு. சோறு போடுற சாமான்.”

அவர் கெட்டவரில்லை. தன் தங்கை பிள்ளையின் வீட்டில் கெட்டது எதுவும் ஏறக்கூடாது என்று பயந்த மனிதர், அவ்வளவுதான். நான் உண்மை என்று ஒன்றைச் சொன்னால் அவர் பையை மடித்துக்கொண்டு லாரி ஏறிவிடுவார். அந்தப் பெண் கப்பலேறி அந்தப் பங்காளி வீட்டு வாசலில் போய் நிற்பாள். இரண்டும் என் கண் முன்னால் நின்றன. யோசிக்க நேரம் கொடுக்காமல் மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உளியைத் தொட்டேன். “மணவறையில உக்காரப் போற பொண்ணு பேரு அதுதாங்க. பெத்தவ வாயால சொன்னத என் காதால கேட்டேன்.”

“அது போதும்” என்று எழுந்தார். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொய்யா, மெய்யா? என்னைக் கேட்காதீர்கள். நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை, முழுவதும் நம்பக்கூடியதும் இல்லை. உங்களையும் ஒருநாள் எவனாவது இப்படி உட்கார வைத்துக் கேட்பான். அப்போது எழுத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் வார்த்தையால் யார் தெருவில் நிற்பார்கள் என்று பாருங்கள். அதற்கு ஒரு விலை உண்டு, அதை நீங்கள் கொடுக்க மாட்டீர்கள், வேறொருவர் கொடுப்பார். அதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டு நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்த நிம்மதி குளுவாங் ஸ்டேஷனில் போயிற்று. கடைக்கு வந்த சரக்கை எடுக்கப் போயிருந்தேன். சிங்கப்பூர் போகும் ரயில் நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்க ஊருக்குத் திரும்புகிற சனங்கள். ஒரு ஜன்னலில் கருப்பண்ணன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அடையாளமே தெரியவில்லை. கீழே புதுத்தாலியோடு அந்தப் பெண்ணும், புருஷனும், மாமியாரும் வழியனுப்ப வந்து நின்றார்கள்.

வண்டி நகர்ந்தபோது அவர் கையை நீட்டிக் கூப்பிட்டார்.

“விஜயலக்ஷ்மி!”

இருமலுக்கு நடுவிலும் ஒரு எழுத்து சிதையவில்லை. க்ஷ அதே இடத்தில் நின்று இறங்கியது. மறுபடி மறுபடி கூப்பிட்டார். இங்கே நின்றவளைக் கூப்பிட்டாரா, தோட்டத்து மண்ணில் விட்டுவிட்டுப் போகிறவளைக் கூப்பிட்டாரா, யாருக்குத் தெரியும்! பெண் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் முழங்கையால் இடித்து, “ஒன்னத்தான்மா கூப்புடுறாரு, பாரு” என்றான். அதன் பிறகுதான் அவள் கையைத் தூக்கினாள்.

பக்கத்து ஜன்னலில் அஞ்சலை. சேலைத் தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். சம்பந்தி நிற்கிறாள், வாய் தவறிவிடக் கூடாது. மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், அப்படியே போனாள். நான் சரக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சில வருஷங்கள் போயின. ரப்பர் கொஞ்சம் நிமிர்ந்தது, தோட்டங்களில் மறுபடி ஆள் சேர்த்தார்கள், என் பலகையைச் சுற்றியும் குடங்கள் வந்தன. ஒரு நாள் காலையில் ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தாள். அஞ்சடியில் கொஞ்சம் தள்ளி அவள் மாமியார், இடுப்பில் கைக்குழந்தையோடு, வளையல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னத் தெரியுதாண்ணே?”

தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். எந்தப் பெயர் என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள்.

“நல்லாத்தான் வச்சிருக்காங்கண்ணே. அத்த என்ன லெச்சுமி லெச்சுமின்னு தாங்குறாங்க. ஒரு கொறையும் இல்ல.” மாமியார் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “ஊருக்குப் போன கொஞ்ச நாள்லயே அப்பா தவறிட்டாரு. போன மாசம் அம்மாவும் தவறிட்டாங்கன்னு சேதி வந்துச்சு.”

நான் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மடியிலிருந்து பாலாடை ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்னப் பித்தளைப் பாலாடை, புதுசு. “பொம்பளப் புள்ள. அதுக்குப் பேரு போடணும்.”

“பேரு என்னம்மா?”

“மாரியாயி.”

துடைத்துக்கொண்டிருந்த உளியைக் கீழே வைத்தேன்.

“அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்னு வீட்ல சொல்லிட்டேன். இந்தக் காலத்துல இதென்ன பட்டிக்காட்டுப் பேருன்னு அவருக்குக் கோவம். அத்ததான் சாமி காரியம்னு ஒத்துக்கிட்டாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “அம்மா இருக்குற வரைக்கும் பேரு அங்க இருக்கு, என்னைக்காச்சும் அவங்க கூப்புடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அந்தப் பேரத் தெரிஞ்சவங்க இந்த மண்ணுல நீங்க ஒருத்தருதாண்ணே. அதான் புள்ளைக்கு வச்சிட்டேன். எல்லாரும் அவளக் கூப்புடுவாங்கல்ல. நான் பக்கத்துல இருந்து கேட்டுக்குவேன்.”

இரண்டாம் தரம் கேட்டேன். சொன்னாள். மூன்றாம் தரம் கேட்டேன். அந்த முசுடு சொல்லிக் கொடுத்த வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயால் இன்னொரு தரம் அதைச் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

ஒன்றின்மேல் ஒன்று ஏறாத எழுத்துகள். உளி தடையில்லாமல் ஓடியது. ஒரு நிமிசம் போதும் என்று கருப்பண்ணன் சொன்னது சரிதான். அன்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தது போலவே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஊதித் துடைத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரமான விரலால் எழுத்தைத் தடவினாள்.

அந்த நேரம் வளையல்காரன் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. குழந்தை சிணுங்கியிருக்கும் போல.

“மாரி! ஏ மாரியாயி! இங்க பாருடி தங்கம்!”

கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்தவள்தான் “ஆங், வந்துட்டேன்” என்று சட்டென்று எழுந்தாள்.